நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு நட்சத்திரக் குறியும்

கேள்வி: திருகோணமலை திருக்கடலூரில் இருந்து எழுதுகிறேன் ஐயா. அப்பா வள்ளத்துக்கு எஞ்சின் எடுத்தபோது லீசிங் கணக்கு வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் கோபத்தில் தமிழில் ஒரு கணிப்பான் இணையத்தளம் செய்தேன். லீசிங் தவணை, நிலையான வைப்பு வட்டி, நகை அடகு மூன்றுக்கும் கணக்குப் பார்க்கலாம், எல்லாம் இலவசம். ஒரு வருடத்தில் ஆட்கள் நிறைய வரத் தொடங்கிவிட்டார்கள். இப்போது ஒரு நிதிக் கம்பனியின் ஆள் வட்ஸ்அப்பில் பேசுகிறார். மாதம் 40,000 ரூபாய் தருவார்களாம். விடையின் கீழே அவர்களின் பெயரை ‘சிறந்த தெரிவு’ என்று முதலாவதாகப் போட வேண்டும், கணக்குப் பார்ப்பவர்களின் போன் நம்பரையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். அம்மா ஓம் சொல்லச் சொல்கிறா. மற்ற இலவசத் தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன? காசும் வாங்கிக்கொண்டு நடுநிலையாகவும் இருக்க முடியுமா?

பதில்:

தம்பி, அம்மா சொல்வதில் பிழை இல்லை. வள்ளம் கடலுக்குப் போகாத மாதங்களில் 40,000 ரூபாய் என்ன பெறுமதி என்று திருக்கடலூரில் யாருக்கும் நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆளின் செய்தியை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். அவர் மூன்று பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி விலை பேசுகிறார். ஒன்று, பக்கத்தில் ஓர் இடம். அது உங்களுடையது, விற்கலாம். இரண்டாவது, ‘சிறந்த’ என்ற சொல். அது உங்கள் தீர்ப்பு. மூன்றாவது, போன் நம்பர்கள். அவை உங்களுடையவையே அல்ல.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் மற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதும் விளங்கும். உலகத்தில் உள்ள இலவசக் கணிப்பான் தளங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோதான் விற்கின்றன.

முதலில் செலவைப் பார்ப்போம், அது உங்களுக்குச் சாதகமான இடம். தவணைக் கணக்கு வருபவரின் போனிலேயே ஓடுகிறது, உங்கள் சேர்வர் அதற்காக வியர்க்க வேண்டியதில்லை. தளப் பெயருக்கு வருடக் கட்டணம், தளத்தை இணையத்தில் வைத்திருக்க ஒரு சின்ன ஹோஸ்டிங், அப்புறம் உங்கள் நேரம். பத்திரிகை நடத்துபவருக்குத் தாள் விலை இருக்கிறது, அச்சுக்கூலி இருக்கிறது, அதனால் விளம்பரதாரர் முகம் சுளித்தால் கை நடுங்கும். உங்களுக்கு அந்த நடுக்கம் வரக் காரணம் குறைவு. குறைந்த செலவில் உயிரோடு இருக்கக்கூடிய தொழிலுக்கு ‘இல்லை’ என்று சொல்லும் வசதி உண்டு. அதை நீங்களாக இழக்க வேண்டாம்.

சரி, வருமானம். பெரும்பாலான கணிப்பான் தளங்களின் முதல் வருமானம் தானாக வந்து விழும் விளம்பரம். கூகுளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் 2003இல் தொடங்கியது, தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தது. பக்கம் திறக்கும் கணத்தில் பின்னால் ஓர் ஏலம் நடக்கிறது. கடன், காப்புறுதி, வைப்பு என்று தேடி வருபவருக்கு அந்த ஏலத்தில் நல்ல விலை உண்டு, ஏனென்றால் தவணை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர் இன்னும் சில நாளில் எங்கேயோ கையெழுத்துப் போடப் போகிறவர். புட்டுக் குறிப்பு தேடி வருபவருக்கு அந்த விலை வராது. ஆனால் பாலையூற்றில் இருந்து ஒருவர் பக்கத்தைத் திறந்தால் கிடைக்கும் காசு, அதே பக்கத்தை ரொறொன்ரோவில் இருந்து திறப்பவருக்குக் கிடைக்கும் காசைவிட மிகக் குறைவு. 100 டொலர் சேரும்வரை கூகுள் அனுப்பவும் மாட்டாது. ஆகவே ஆறுதலாகத்தான் சேரும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எந்தக் கம்பனியின் விளம்பரம் வரும் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் விடை என்னவாக வரும் என்று அந்தக் கம்பனிக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவில் பேரம் பேச ஆளில்லை. பிடிக்காதது, ‘விரைவில் பணக்காரர் ஆகலாம்’ வகை விளம்பரங்கள் உங்கள் கணக்குக்குப் பக்கத்திலேயே வந்து குந்திக்கொள்வது. அந்த வகைகளை அட்சென்ஸ் பலகையில் தடுத்து வைக்கலாம், ஒரு மாலை நேரம் செலவழித்துத் தடுத்து விடுங்கள். ‘கணக்கிடு’ பொத்தானுக்குப் பக்கத்தில் விளம்பரத்தை ஒட்டி வைத்து, விரல் தவறிப் படுவதில் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கூகுளே அதற்குத் தடை போட்டிருக்கிறது.

அடுத்தது தரகு. அஃபிலியேட் என்கிறார்கள். உங்கள் தளத்தில் இருந்து ஒருவர் இணைப்பை அழுத்திப் போய்க் கணக்குத் திறந்தாலோ கடன் எடுத்தாலோ உங்களுக்கு ஒரு தொகை. அமெரிக்காவின் பாங்க்ரேட் 1976இல் வட்டி வீதங்களை அச்சிட்டு விற்ற செய்திமடலாகத் தொடங்கியது, 2009இல் வந்த நேர்ட்வாலட் இப்போது பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனி. இரண்டிலும் கணிப்பான்கள் இலவசம், காசு பெருமளவு நிதி நிறுவனங்களிடம் இருந்து வருகிறது. கணிப்பான் வாசலில் வைத்த தண்ணீர்ப் பானை மாதிரி. தாகத்துக்கு நின்றவர் கடைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்.

தரகு வாங்குவதே கேடு என்று நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தில் மார்ட்டின் லூயிஸ் என்பவர் 2003இல் தொடங்கிய மணிசேவிங்எக்ஸ்பேர்ட் தளத்தைப் பாருங்கள். காசு வரும் இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதை அழுத்தினால் தளத்துக்குக் காசு போகும் என்று வாசகருக்குத் தெரியும். வேண்டாம் என்பவருக்குத் தரகு இல்லாத இணைப்பையும் கொடுப்பார்கள். எது நல்லது என்று எழுதுபவர்கள் முதலில் முடிவு செய்கிறார்கள், அதற்குப் பிறகுதான் அதில் காசு வருமா என்று வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். காசு வராத பொருள் முதலிடத்தில் நின்றால் அப்படியே நிற்கும். இப்படி நடத்திய தளம் 2012இல் 87 மில்லியன் பவுண் வரையிலான விலைக்குக் கைமாறியது. நேர்மை பட்டினி போடும் என்று சொல்பவர்களுக்கு நான் இந்தத் தொகையைத்தான் சொல்வேன்.

மாறாகப் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2020இல் லெண்ட்எடியூ என்ற தளத்தின் மீது குற்றஞ்சாட்டியது. மாணவர் கடன்களைப் பாரபட்சமில்லாமல் வரிசைப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வரிசையில் இடத்தைக் காசுக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 350,000 டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். இன்னொன்று நம் ஊர்க்காரருக்கு நன்றாக விளங்கும், நிலாவெளியில் விருந்தினர் இல்லம் வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஹோட்டல் விலைகளை ஒப்பிடும் ட்ரிவாகோ, மலிவான அறையை முன்னால் காட்டுவது போலத் தோற்றம் கொடுத்துவிட்டு, ஓர் அழுத்தலுக்கு அதிகக் காசு கொடுப்பவரை முன்னால் தள்ளியதற்காக அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2022இல் 44.7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. உங்களிடம் கேட்கப்படும் ‘சிறந்த தெரிவு’ இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

காசு வாங்காத தளங்களும் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் மணிஸ்மார்ட் அரசாங்க ஒழுங்குபடுத்துநர் நடத்துவது, இங்கிலாந்தின் மணிஹெல்பர் அரசு சார்ந்த அமைப்பு. அவற்றைப் பார்த்துப் படியுங்கள், கணக்கின் கீழே எந்தெந்த ஊகங்களை வைத்திருக்கிறோம் என்று எழுதுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் உங்களுக்கு அரசாங்கச் சம்பளம் இல்லை, ஆகவே அந்த வழி உங்களுக்குச் சரிவராது.

இனி நான் கூட நேரம் எடுக்க விரும்பும் விடயம். கணிப்பான் பொய் சொல்லாமலேயே ஆளை ஏமாற்றும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பெட்டியில் முன்கூட்டியே நிரப்பி வைத்த எண்ணில் வேலை முடிந்திருக்கும்.

நம் ஊர் உதாரணத்தையே எடுப்போம். ஆட்டோவுக்கு 10 இலட்சம் ரூபாய் லீசிங், 4 வருடம், ‘12 சதவீதம்’. இந்த 12 முழுத் தொகைக்கும் நான்கு வருடமும் போடும் தட்டை வட்டி என்றால், தவணை 30,833 ரூபாய். குறைந்து வரும் மீதிக்கு மட்டும் போடும் வட்டி என்றால் 26,334 ரூபாய். இரண்டுக்கும் கடைசியில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 2 இலட்சத்து 16 ஆயிரம். தட்டை 12 என்பதை, குறைந்து வரும் மீதிக்குப் போடும் வட்டியாக மாற்றினால் வருடத்துக்கு 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இப்போது ஒரு கம்பனிக்காரர் உங்களிடம் வந்து, ‘கணக்கை மாற்ற வேண்டாம் தம்பி, தட்டை வீதத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு மற்றதைக் கீழே சின்னதாகப் போடுங்கோ’ என்று கேட்டால்? ஒரு எண்ணும் பொய்யில்லை. உங்கள் அப்பா இந்த இடத்தில்தான் விழுந்திருப்பார்.

முதலீட்டுக் கணிப்பான்களில் இது இன்னும் மோசம். மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 வருடம் போட்டால், வருடத்துக்கு 12 சதவீதம் என்று நிரப்பி வைத்த பெட்டி 99 இலட்சம் காட்டும். 8 என்று நிரப்பி வைத்தால் 59 இலட்சம். வருபவர்களில் பெரும்பாலானோர் அந்த எண்ணைத் தொடவே மாட்டார்கள். யார் நிரப்பியது என்பதைப் பொறுத்து 40 இலட்சம் ரூபாய்க் கனவு கூடும், குறையும். பணவீக்கமும் அப்படித்தான். 5 என்றோ 6 என்றோ நிரப்பி வைத்து வருடக்கணக்காகத் திரும்பிப் பார்க்காத தளங்கள் உண்டு, நாங்களோ 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் 69.8 சதவீதம் பார்த்தவர்கள். அதனால் பெட்டிகளை வெறுமையாக விடுங்கள். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே எடுத்தது, எந்தத் திகதி என்று பக்கத்தில் எழுதுங்கள். பதிவுக் கட்டணம், காப்புறுதி, கடைசியில் சொத்தைப் பெயர் மாற்றும் செலவு, இவற்றுக்கும் ஒரு பெட்டி வையுங்கள். மீன் சந்தைத் தராசை முத்திரை குத்திப் பார்க்க அதிகாரி வருகிறார். கணிப்பானுக்கு முத்திரை குத்த யாரும் வருவதில்லை, அதனால் சூத்திரத்தை வெளியில் போட்டு வைப்பதுதான் நீங்களே குத்திக்கொள்ளும் முத்திரை.

போன் நம்பர் விடயத்தில் நான் சுருக்கமாகவே பேசுவேன்: கொடுக்காதீர்கள். லீட் என்று அழகான பெயர் வைத்து ஒரே நம்பரை நான்கு கம்பனிக்கு விற்கிறார்கள், பிறகு அந்த மனிதருக்கு மத்தியானச் சோறு நிம்மதியாக உண்ண முடியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது என்பதற்காக நாம் முந்திக்கொண்டு நம்பர் விற்கத் தேவையில்லை. மாறாக, பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘பக்கம் திறந்த பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக் கணக்குப் பாருங்கள், அப்போதும் விடை வரும்.’ கணக்கு அவர்களின் போனிலேயே நடக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். விளம்பரம் போட்டிருந்தால் விளம்பரக்காரர்கள் வருகையைக் கவனிப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணக்காய்வாளனான என் சொந்தக் கதை ஒன்று. போர் முடிந்த பிறகு திருகோணமலையில் லீசிங் கம்பனிகள் வரிசையாகக் கிளை திறந்த காலம். அதில் ஒன்று, ஆள் ஒருவருக்கு 5,000 ரூபாய் என்று எனக்குத் தரகு பேசியது. நானும் சிலரை அனுப்பினேன். மோசமான கடன் என்று சொல்ல முடியாது, அன்றைய நிலைக்குப் பரவாயில்லாத வீதம்தான். கொட்பேயில் தொழில் செய்யும் ஒருவர் பத்திரத்தை என் மேசையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “ஐயா, இதில உங்களுக்கு எவ்வளவு வருது?” எனக்கு உடனே வாய் வரவில்லை. சொன்னேன், கடைசியில் சொன்னேன். அவர் பத்திரத்தை மடித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான். அந்தக் கடன் அவருக்கு நல்லதாகவே இருந்திருக்கும், அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. முதலிலேயே நான் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். நட்சத்திரக் குறியை நான் இவ்வளவு மதிப்பதற்கு அவர்தான் காரணம்.

அப்புறம், முதலாளி விடயம். உங்கள் வீட்டிலேயே தெரியும். வள்ளத்துக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த முதலாளிக்குத்தான் மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்துக் கரையில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடப் போனாலும் நீங்கள் கரை மாற முடியாது, அவ்வளவுதான். உங்கள் தளத்தின் மொத்த வருமானமும் அந்த 40,000 தான் என்றால், அந்தக் கம்பனி உங்களுக்கு முதலாளி. மூன்றாம் மாதம் ‘எங்கள் வீதத்தை மேலே போடுங்கோ’ என்பார்கள், ஆறாம் மாதம் பதிவுக் கட்டணப் பெட்டியை எடுக்கச் சொல்வார்கள். கணக்காய்வாளர்களான எங்களுக்கே இதற்கு விதி இருக்கிறது. பொதுமக்கள் நலன் சம்பந்தப்பட்ட ஒரே நிறுவனத்திடம் இருந்து, தொடர்ந்து இரண்டு வருடம், மொத்தக் கட்டணத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வந்தால் அது எங்கள் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று எங்கள் சர்வதேச ஒழுக்கக் கோவை சொல்கிறது. உங்கள் அளவில் 15 கடினம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் ஒரு வருடத்துக்குள் எட்டினால் போதும்.

இன்னொரு வருமானம் இருக்கிறது, நீங்கள் யோசிக்காதது. கணிப்பானையே விற்கலாம். கூட்டுறவுச் சங்கம், வாகன விற்பனையாளர், நிதிக் கம்பனி யாராக இருந்தாலும் தங்கள் சொந்தத் தளத்தில் போடத் தமிழ்க் கணிப்பான் செய்து கொடுங்கள், கூலி வாங்குங்கள். தச்சர் மேசை செய்து கொடுப்பது போலத்தான். அவர்களின் வீட்டு மேசையில் அவர்கள் என்ன வைத்தாலும் உங்கள் தளத்தின் வரிசை அதனால் அசையாது. சூத்திரத்தை மாற்றச் சொன்னால் மட்டும் உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கம்பனிகளை வரிசைப்படுத்திக் காட்ட விரும்பினால், முழுக் கடனுக்கும் கட்டும் மொத்தத் தொகையைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். வைப்புகளில் அதிக வட்டியை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள். அதிக வட்டி தருபவர் முதலிடத்தில் நிற்பது கணக்குக்குச் சரி, மனிதருக்கு ஆபத்து. 2020 மே மாதத்தில் ஒரு பெரிய நிதிக் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தபோது வைப்பாளர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் இல்லாத பெயரை உங்கள் பக்கத்தில் ஏற்றவே வேண்டாம்.

இனி அந்த ஆளுக்கு எழுத வேண்டிய பதில். கோபமாக எழுதாதீர்கள், நாளைக்கு வேறு கம்பனியில் இருந்தும் அதே ஆள்தான் வருவார். “இடம் தருகிறேன், மாதம் 15,000. மேலே ‘விளம்பரம்’ என்று தமிழில் தெளிவாக இருக்கும், விடையின் பெட்டிக்கு வெளியே இருக்கும். மூன்று மாத ஒப்பந்தம், முற்பணம். ‘சிறந்த’ என்ற சொல் விற்பனைக்கில்லை. நம்பர் சேர்ப்பதில்லை, வேண்டியவர்கள் உங்கள் இணைப்பை அழுத்தி உங்களிடமே வருவார்கள்.” 15,000 என்பது என் ஊகம், உங்கள் வருகையாளர் கணக்கைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கேளுங்கள். அவர் போய்விடவும் கூடும். போனால் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கடிதம் வந்த அன்று இரவு உங்கள் தளத்தைத் திறந்து எல்லாப் பெட்டியும் போட்டுப் பார்த்தேன். லீசிங் கணக்கு சதம் வரை சரி. நிலையான வைப்பில் ஒரு பிழை இருக்கிறது. வட்டியில் பிடிக்கும் வரியை இன்னும் 5 சதவீதமாக வைத்திருக்கிறீர்கள், 2025 ஏப்ரல் 1ஆம் திகதியில் இருந்து அது 10. உவர்மலையில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை 10 இலட்சத்தை 8 சதவீதத்துக்குப் போட்டால் உங்கள் பக்கம் 76,000 கையில் வரும் என்கிறது, வங்கி 72,000 தான் கொடுக்கும். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்க மாட்டார்கள் என்பதையும் கீழே ஒரு வரியில் சேர்த்து விடுங்கள். இன்று இரவே மாற்ற முடியுமா என்று பாருங்கள்.